ஏலக்காட்டில் ஓர் அளவைப் பாடம்

போடிநாயக்கனூரில் தோட்டத்து ஜீப்புகள் கிளம்பும் நேரத்தில் ஊரின் பாதித் தெருக்கள் இன்னும் கண் விழித்திருக்காது. தூக்குச்சட்டியில் சோறு, தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. இந்தக் கோலத்தில் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பது காலடியில்தான். தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில், முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ வேலை. மழைக்காலமென்றால் அட்டை வேறு. மாலையில் அதே ஜீப், அதே வளைவுகள், வீட்டுக்கு வந்ததும் அடுப்பு.

அப்படி இறங்கி வரும் ஒரு பெண்ணிடம் முதுகலை உளவியல் படிக்கும் மாணவி ஒருத்தி கேள்வித்தாளுடன் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது பி.எச்.க்யூ-9. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் கருவி. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அதன் நம்பகத்தைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அது மருத்துவமனை, கல்லூரி, கைப்பேசிச் செயலி என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கோடு.

மூன்றாம் கேள்வி தூக்கத்தைப் பற்றியது. நான்காவது அசதி. ஐந்தாவது பசி. விடியுமுன் எழுந்து சோறாக்கிவிட்டு மலையேறும் பெண் இந்த மூன்றுக்கும் 'ஏறக்குறைய தினமும்' என்று சொன்னால் அங்கேயே ஒன்பது மதிப்பெண் வந்துவிடும். வேறு எதற்காவது 'சில நாட்கள்' என்றால் பத்து. அவள் மனச்சோர்வு உள்ளவர்களின் பட்டியலில் ஏறிவிடுகிறாள். உண்மையில் அவளுக்குத் தேவைப்படுவது ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கமாக இருக்கலாம். மனச்சோர்வே இருந்து, அதை அவள் உடம்பின் மொழியில் சொல்லியிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைப் புள்ளியியல் சிக்கல் என்று நினைத்துவிடுவது எளிது. இதன் அடியில் இருப்பது தத்துவம் வெகுகாலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி. இன்னொருவரின் துயரத்தை ஒருவர் எந்த வழியில் அறிகிறார்? அறிந்துவிட்டதாகச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது?

தமிழில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலை அதன் நல்ல எடுத்துக்காட்டு. துறவு பூணுமுன் அவள் மாதவன் வடிவம் எடுத்து வஞ்சி நகருக்குப் போய், பல சமயத்துக் கணக்கர்களிடமும் அவரவர் தரப்பைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி கடவுளைப் பற்றித் தொடங்கவில்லை. எந்தெந்த வழிகளில் அறிவு வருகிறது என்று தொடங்குகிறான். வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று கணக்குச் சொல்கிறான். கூடவே, அறிவு போலத் தோன்றி அறிவாகாமல் போகும் எட்டுப் பிழைகளையும் அடுக்குகிறான். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் முடிவுக்கு வருவது தேராது தெளிதல். கண்ணெதிரே இருந்தும் புரிந்துகொள்ளாதது கண்டுணராமை. ஆராய்ச்சி முறையியல் பாடத்தின் முதல் வாரத்தில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்குமுன் இந்த எட்டையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

கடைசியில் வரும் பூதவாதி, கண்ணால் காண்பது மட்டுமே அறிவு, கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, ஏற்க மாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பூதவாதியின் பிடிவாதம் இருபதாம் நூற்றாண்டில் வேறு உருவில் திரும்ப வந்தது. 1913-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், உளவியல் அறிவியலாக வேண்டுமானால் வெளியே தெரியும் நடத்தையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே நடப்பதைப் பேசக் கூடாது என்றார். அடுத்த சில பத்தாண்டுகள் அந்தத் துறை பெரும்பாலும் அவர் வழியில்தான் நடந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை, அறியும் வழிகளைச் சொல்லும் அளவை இலக்கணத்தோடுதான் தொடங்கினார். அளவைகளை எத்தனையாக விரித்தாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. காண்டலை, அதாவது காட்சியை, அவர் நான்காகப் பிரிக்கிறார். அதில் ஒன்று தன்வேதனைக் காட்சி, அதாவது தன் இன்ப துன்பத்தைத் தானே உணர்ந்து அறிவது. உளவியல் மாணவிக்கு இந்தப் பிரிவு ஒரு பெரிய உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. ஏலக்காட்டுப் பெண்ணின் வலி அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் காட்சி. மாணவிக்கு அது ஒருபோதும் காட்சியாகாது. அவளுக்குக் கிடைப்பவை இரண்டே வழிகள்: அந்தப் பெண் வாய்திறந்து சொல்லும் உரை, அதிலிருந்து இவள் செய்யும் கருதல். 27-க்கு 14 என்ற எண் எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும் அது உரையின் மேல் கட்டிய கருதல்தான்.

சைவ சித்தாந்தத்தில் உரை என்பது ஆகமம். நியாய தரிசனம் அதை அன்றாட வாழ்வுக்கும் விரிக்கிறது. நம்பத்தகுந்தவர் சொல்லும் சொல்லும் அறிவு தரும் வழிதான் என்கிறது. அந்த நம்பத்தகுந்தவர், அதாவது ஆப்தர், யார்? நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் அவருக்கு இரண்டு தகுதிகளைச் சொல்கிறார். பொருளை நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்ப வேண்டும். ரிஷியோ ஆரியரோ மிலேச்சரோ, எவருக்கும் இந்த இலக்கணம் ஒன்றுபோலப் பொருந்தும் என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். பிறப்பும் படிப்பும் இதில் கணக்கில்லை.

அப்படியானால் தன் துயரத்தைப் பொறுத்தவரை ஏலக்காட்டுப் பெண்ணைவிடப் பெரிய ஆப்தர் உலகில் கிடையாது. முதல் தகுதி அவளிடம் முழுதாக இருக்கிறது. இரண்டாவது மட்டும் அவள் கையில் முழுதாக இல்லை. அறிந்தபடியே சொல்லும் விருப்பம், கேட்பவர் யார், எங்கே கேட்கிறார், பக்கத்தில் யார் நிற்கிறார், சொன்னால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பொறுத்து வரும், போகும். முதுகலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறை கற்பிப்பது என்றால், அந்த விருப்பம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் செத்துப்போகிறது என்று கற்பிப்பதே அதன் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். இன்றைய வகுப்பறைகளில் அது ஓரத்தில்கூட இல்லை என்பதுதான் வருத்தம்.

உளவியல் இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது ஆய்வுக்கூடத்தின் வழியாக. 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தின் வழித்தோன்றலாகத்தான் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் சோதனை உளவியல் துறை பிறந்தது. 1924-இல் மைசூரு. 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகம், ஜி.டி. போவாஸ் தலைமையில். எதிர்வினை நேரம், நினைவாற்றல், கவனத்தின் எல்லை என்று கருவிகளால் பிடிக்கக்கூடியவற்றில் பயிற்சி உறுதியாகவே அமைந்தது. அந்த உறுதிக்கு மதிப்புண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தோட்டத்து லயத்திலும் வீட்டுத் திண்ணையிலும் ஒருவரிடம் எப்படி உட்கார்ந்து பேசுவது என்பது பாடத்திட்டத்தில் அதே அளவு இடம் பெறவில்லை. கேள்வித்தாளை நிரப்பி வாங்கு, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்று, பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் கருதுகோள் ஏற்கப்பட்டது என்று எழுது. ஆய்வேடு இப்படியே முடிந்துவிடுகிறது. இன்று கேள்வித்தாளை நேரில் கொண்டுபோகவும் வேண்டியதில்லை. கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். பதில் அனுப்புவது சக மாணவர்கள். 2010-இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சாயன் மூவரும் உலக உளவியல் பெரும்பாலும் மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களின் உளவியலாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். அதே குறை நம் ஊரில் நம் கல்லூரி மாணவர்களை வைத்து மறுபதிப்பாகிறது.

போடியில் ஏலக்காய் எப்படித் தரம் பிரிக்கப்படுகிறது என்று பார்த்தால் அளத்தலின் இன்னொரு முகம் தெரியும். உலர்த்தி வந்த காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பிரிக்கிறார்கள். ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். பச்சை நிறம் பார்க்கிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரி மாதிரியை விரலால் அளைந்து பார்த்துவிட்டுத்தான் திரையில் விலை கேட்கிறார். எட்டு மில்லிமீட்டர் காய் சல்லடைக்கு வரும் முன்பும் எட்டுதான், வந்த பின்பும் எட்டுதான். துயரம் அப்படியல்ல, கேட்கப்படும்போதே உருமாறும். கங்காணி காது கேட்கும் தூரத்தில் நின்றால் "நமக்கென்ன தாயி, பொழப்பு ஓடுது" என்று முடிந்துவிடும். அதே கேள்வியை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவள் வாசலில், மூன்றாம் முறையாக வந்து உட்காரும் மாணவி கேட்டால் வருவது வேறு பதில். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. களப்பணியில் அதை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம்.

மறைந்திருப்பதை அறியும் முயற்சிக்கு இதே போடி மலை இன்னொரு விதத்திலும் களமானது. நகருக்கு அருகே பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைக்கு உள்ளே, இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நியூட்ரினோவை எவரும் கண்டதில்லை, காணவும் முடியாது. ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிப் போகின்றன. எப்போதாவது ஒன்று ஓர் அணுவோடு மோதி விட்டுச்செல்லும் தடத்தை வைத்துத்தான் அது வந்துபோனதை அனுமானிக்க முடியும். அதற்காக 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், மேலே ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை என்று திட்டமிட்டார்கள். புகையைக் கண்டு நெருப்பைக் கருதும் பழைய அளவையின் பிரம்மாண்ட வடிவம் அது.

திட்டம் மலைக்குள் போகவில்லை. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று சுற்றுவட்டார மக்கள் அஞ்சினார்கள். போராட்டங்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று விவகாரம் நகர்ந்தது. மாநில அரசும் எதிர்த்து நின்றது. இயற்பியலாளர்களின் கணக்கு சரியா, மக்களின் அச்சம் சரியா என்ற வழக்கு இங்கே தேவையில்லை. உளவியல் மாணவர் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அறியப்படும் பொருள் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அதை அறியப் போகும் இடம் யாரோ சிலருடைய வீடாக, மேய்ச்சல் நிலமாக, குலதெய்வத்தின் மலையாக இருக்கிறது. அவர்கள் மனமொப்பிச் சரி என்று சொல்லாதவரை அறிவின் மேன்மை மட்டும் அனுமதிச் சீட்டாகிவிடாது. நியூட்ரினோவுக்கு மனம் கிடையாது, அதனிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. உளவியலில் அறியப்படும் பொருளே சம்மதம் தர வேண்டிய ஆளாகவும் இருக்கிறது. சுமை இரட்டிப்பாகிறது.

சம்மதத்துக்கு விதிகள் உண்டு. 1947-இன் நூரம்பர்க் நெறிகள், 1979-இன் பெல்மாண்ட் அறிக்கை, இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். 2017-இல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்பதுவரை அந்த வழிகாட்டுதல்களில் இருக்கிறது. ஆனால் தோட்ட மேலாளர் அனுமதி தந்து, பெண்களை வரிசையில் நிற்கச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினால் விதி காப்பாற்றப்படும், சம்மதம் இருக்காது. நாளைக்கும் அதே தோட்டத்தில் வேலை வேண்டிய பெண் 'முடியாது' என்று எப்படிச் சொல்வாள்? 'முடியாது' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கும் 'சரி'யை உரை என்று கொள்ள எந்த அளவை நூலும் இடம் தராது.

அவசர முடிவு என்ன செய்யும் என்பதை உளவியல் உலகம் பொதுவெளியில் பார்த்த ஆண்டு 2015. ஏற்கெனவே நல்ல இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி மறுபடி செய்து பார்த்தார்கள். முதல்முறை 97 விழுக்காட்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்க விளைவு கண்டதாகச் சொல்லியிருந்தன. மறுமுறை அப்படி நின்றவை 36 விழுக்காடு. முதலில் அந்த ஆய்வுகளைச் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சிறிய மாதிரி, விரும்பிய முடிவு வரும்வரை தரவைத் திருப்பித் திருப்பிப் புரட்டுதல், முடிவைப் பார்த்தபின் கருதுகோளை எழுதுதல். தேராது தெளிதல் என்று மணிமேகலையின் அளவைவாதி சொன்னது இதைத்தான். இப்போது பல இதழ்கள் தரவு திரட்டுமுன்பே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் பதிவு செய்துவிடச் சொல்கின்றன. நம் முதுகலை ஆய்வேடுகளிலும் இதைக் கட்டாயமாக்கலாம். 'விளைவு எதுவும் காணப்படவில்லை' என்று நேர்மையாக எழுதிய மாணவிக்கு மதிப்பெண் குறையாது என்ற உறுதியையும் சேர்த்தே தர வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால் முன்பதிவும் இன்னொரு படிவமாகிப் போகும்.

கருவியே பொருந்தாமல் போகும் இடமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைக்கு உலகெங்கிலுமிருந்து ஆலோசகர்களும் ஆய்வாளர்களும் தயாரான கேள்வித்தாள்களுடன் வந்தார்கள். இலங்கையில் பிறந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறு பாதையில் போனார். முதலில் மக்களின் கதைகளைக் கேட்டார், அந்தக் கதைகளிலிருந்து ஓர் அளவுகோலை உருவாக்கினார். துயரத்தைப் பலர் உறவுக்குள், குடும்பத்தில், ஊரில் தம் இடம் குலைந்துபோனதாகச் சொன்னார்கள். தலைக்குள் நடக்கும் அறிகுறிகளாக மட்டும் அது வெளிப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், தனியாளின் காயத்தோடு நிறுத்தாமல் சமூகம் முழுதும் பட்ட காயத்தைப் பேச வேண்டும் என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். அங்கே தப்பிப் பிழைத்த ஒருவரிடம் போய் 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் ஆர்வம் குறைந்திருந்தது' என்று தொடங்குவது எப்படி இருக்கும் என்று மாணவர்கள் வகுப்பிலேயே யோசித்துப் பழக வேண்டும்.

பி.எச்.க்யூ-9-இன் கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. ஒரு பெண் அதற்கு 'ஆமாம்' என்று தலையசைக்கும் நொடியில் ஆய்வு வேறொன்றாகிவிடுகிறது. அங்கே மதிப்பெண் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவது அறமல்ல. அறிதல் கடமையைக் கொண்டுவருகிறது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று முன்னதாகக் கொடுத்த வாக்கு எங்கே முடிகிறது, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவளை யார் கூட்டிப்போவது, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவள் முன்னாலேயே அழைத்துப் பேசவைக்கலாமா, மறுநாள் போய்ப் பார்ப்பது யார் என்பதெல்லாம் களத்துக்குப் போகுமுன் முடிவாகியிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் காரணிப் பகுப்பாய்வைப் பற்றிக் கேட்கும் தேர்வாளர், ஒன்பதாம் கேள்விக்கு 'ஆமாம்' என்றவர்களுக்கு என்ன செய்தாய் என்றும் கேட்டால், ஒரே ஆண்டில் மாணவர்களின் தயாரிப்பு மாறிவிடும்.

மாறக்கூடிய இன்னொன்று நாட்காட்டி. ஆய்வேடு பல கல்லூரிகளில் கடைசிப் பருவத்தில்தான் வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் தரவு, ஏப்ரலில் தேர்வு. ஏலக்காய்ப் பறிப்போ ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசியோடு பெரும்பாலும் ஓய்கிறது. மாணவி கேள்வித்தாளுடன் போடிக்கு வந்து இறங்கும்போது பல ஜீப்புகள் நின்றுபோயிருக்கும். அவள் கேட்கும் 'கடந்த இரண்டு வாரங்கள்' கூலி குறைந்த இரண்டு வாரங்கள். தோட்டத் தொழிலாளியின் மனநிலை என்று அவள் எழுதப்போவது வேலை இல்லாத பெண்ணின் மனநிலையை. எவ்வளவு நுட்பமான புள்ளியியலும் இந்தப் பிழையைப் பிடித்துக் காட்டாது.

மூன்றாம் பருவம் திறக்கும் ஆனி, ஆடியிலேயே முதல் சந்திப்பை வைக்கலாம். கேள்வித்தாள் இல்லாமல் இரண்டு மூன்று முறை போய்வந்து, புரட்டாசியில் கருவியைச் சிலரிடம் சோதித்து, கேள்விகளை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் திருத்தி, கார்த்திகையில் ஒருமுறையும் பங்குனியில் அதே பெண்களிடம் இன்னொரு முறையும் கேட்கலாம். சித்திரையில் முடிவை எடுத்துக்கொண்டு அவர்களிடமே திரும்பப் போய், இப்படித்தானா அக்கா என்று சரிபார்க்கலாம். இதற்குப் புது நிதியோ புது மென்பொருளோ வேண்டாம். பாடத்திட்டக் குழு ஒரு தாளை ஒரு பருவம் முன்னுக்கு நகர்த்தினால் போதும். அடுத்த கல்வியாண்டுக்கான கூட்டத்திலேயே அதைச் செய்துவிடலாம்.